காப்பர்–போரான் வினை பத்து சதவீதத்தோடு நின்றுவிடுகிறது, எங்கே தவறு?

தரமணி_பறவை | செவ்வாய், இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மூன்று வாரமாக ஒரே வினையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் போரான் வேதியியல் செய்தவர்கள் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சால்கோன் என்ற கீட்டோனில், கார்போனைலுக்குப் பக்கத்து இரட்டைப் பிணைப்பின் தொலைவிலுள்ள கார்பனில், அதாவது பீட்டா கார்பனில், போரானைச் சேர்க்க வேண்டும். போட்டவை: பிஸ்(பினகோலேட்டோ)டைபோரான் 1.1 ஈக்விவலன்ட், அதாவது சால்கோன் ஒரு மோலுக்கு 1.1 மோல் (இரண்டு போரான் ஒன்றோடொன்று பிணைந்த பொருள், இனிமேல் பி2பின்2 என்றே எழுதுகிறேன்), குப்ரஸ் குளோரைடு 5 மோல் சதவீதம், டிபிஇஃபாஸ் ஈனி (காப்பரோடு ஒட்டி அதன் நடத்தையை அமைக்கிற பாஸ்ஃபீன்) 5 மோல் சதவீதம், சோடியம் டெர்ஷியரி பியூட்டாக்சைடு 5 மோல் சதவீதம். கரைப்பான் டி.எச்.எஃப். அறை வெப்பநிலையில் இரவு முழுக்கக் கலக்கினேன்.

காலையில் பார்த்தால் சால்கோன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புரோட்டான் என்.எம்.ஆரில் (காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்களைப் பார்க்கும் முறை) கணக்குப் போட்டால் எட்டிலிருந்து பத்து சதவீதம்தான் மாறியிருக்கிறது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் இதே கதை. இன்னும் ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் நகரவில்லை.

போரான்-11 என்.எம்.ஆரில் 30 பி.பி.எம். அருகே ஒரு பெரிய உச்சி, 22 அருகே ஒரு சின்ன உச்சி. இவை தவிர பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே மலை மாதிரி அகலமாக ஏதோ ஒன்று. அது என்ன சேர்மம் என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன்.

---

பழைய_ஷ்லெங்க் | புதன், காலை 6:15

முதலில் அந்த மலையை விட்டுவிடம்மா. அது சேர்மமே இல்லை. என்.எம்.ஆர். டியூப் போரோசிலிகேட் கண்ணாடி, அதில் இருக்கிற போரான்தான் அப்படித் தெரிகிறது. கருவியின் புரோபிலும் கொஞ்சம் போரான் இருக்கும். குவார்ட்ஸ் டியூபில் போட்டால் பெரும்பகுதி மறைந்துவிடும். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது இதே மலைக்கு ஒரு கட்டமைப்பு வரைந்து, அதற்கு அம்புக்குறி போட்டு, வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பேசாமல் ஒரு காலி டியூபை எடுத்து மெஷினில் வைத்தார். அதே மலை வந்தது.

30-இல் இருப்பது வினைபுரியாத பி2பின்2. 22-இல் இருப்பது ஆக்சிஜனோடு மூன்று பக்கமும் கட்டுப்பட்ட போரான்.

அடுத்து, உன் குப்ரஸ் குளோரைடு என்ன நிறம்? நல்ல பொருள் வெள்ளையாக இருக்கும். சென்னைக் காற்றில் பாட்டிலை நாலு தடவை திறந்து மூடினாலே பச்சை ஏறிவிடும். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து காப்பர்(I)-ஐக் காப்பர்(II) ஆக்கிவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கேட்கவே வேண்டாம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நிறையத் தண்ணீரில் ஊற்று. வெள்ளையாக வீழ்படியும். வடிகட்டி, எத்தனாலிலும் ஈதரிலும் கழுவி, வெற்றிடத்தில் காயவை. பியூட்டாக்சைடும் புதிதாக இருக்கட்டும். அது காற்றில் இருந்தால் தண்ணீரைக் குடித்துக் கட்டியாகிவிடும். டி.எச்.எஃப்.ஐச் சோடியம்–பென்சோஃபினோனில் நன்றாக நீலம் வரும்வரை கொதிக்கவிட்டு எடு. எல்லாம் உலர்ந்திருந்தால் வினை நடக்கும்.

---

தரமணி_பறவை | புதன், காலை 9:02

ஐயா, மிக்க நன்றி. அந்த மலைக்காக நான் கிளஸ்டர் எல்லாம் யோசித்துவிட்டேன். குப்ரஸ் குளோரைடு லேசான பச்சைதான். இன்றைக்கே சுத்தம் செய்கிறேன். டி.எச்.எஃப். நீலத்தில் எடுத்ததுதான், அதில் சந்தேகம் இல்லை.

---

அம்பத்தூர்_அண்ணன் | புதன், மதியம் 1:20

அவசரப்பட்டு அமிலத்தில் கை வைக்காதீர்கள் தங்கச்சி. ஒரு கேள்வி. நீங்கள் எழுதிய பட்டியலில் மெத்தனால் இல்லை. மறந்து எழுதவில்லையா, இல்லை போடவே இல்லையா?

---

தரமணி_பறவை | புதன், மதியம் 1:48

போடவில்லை அண்ணா. நான் பார்த்துச் செய்த கட்டுரையில் 2 ஈக்விவலன்ட் இருந்தது. ஆனால் உலோகம்–போரான் பிணைப்பு ஈரத்துக்கே தாங்காது, மெத்தனால் போட்டால் காப்பர்–போரான் உடனே உடைந்து பினகோல்போரேன் ஆகிவிடும் என்று ஒரு சீனியர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. போரான் சம்பந்தப்பட்ட எல்லாமே உலர்ந்திருக்க வேண்டும் என்றுதானே படித்தோம்?

---

அம்பத்தூர்_அண்ணன் | புதன், இரவு 8:35

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன், நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. காப்பர்–போரான் பிணைப்பைத் தனியாகப் பிரித்து எடுக்க நினைத்தால் ஈரம் எதிரிதான். நீங்கள் அதைப் பிரித்து எடுக்கப் போவதில்லை. குடுவைக்குள் அது உண்டாகி, சால்கோனைப் பார்த்ததும் அதில் நுழைந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் காப்பர்–போரான் இல்லை, காப்பர் ஈனோலேட் (சால்கோனில் போரான் ஏறிய பிறகு காப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிற இடைநிலைப் பொருள்) மட்டும்தான் இருக்கிறது. மெத்தனால் இல்லாமல் உங்கள் வினை நிற்கிற இடமும் இதுதான்.

வரிசையாகச் சொல்கிறேன். காப்பர் பியூட்டாக்சைடு பி2பின்2-வோடு சேர்கிறது. ஒரு போரான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய்விடும், உங்கள் 22 பி.பி.எம். உச்சி அதுதான். மற்ற போரான் காப்பரில் உட்காரும். ஆக்சிஜன்–போரான் பிணைப்பு அவ்வளவு வலுவானது, இந்தப் படி நடப்பதற்கு அதுவே காரணம். பிறகு காப்பர்–போரான் சால்கோனின் இரட்டைப் பிணைப்பில் நுழைகிறது. போரான் பீட்டா கார்பனுக்குப் போகிறது, காப்பர் ஈனோலேட்டாக மிஞ்சுகிறது. இனி இந்த ஈனோலேட் மறுபடி ஒரு பி2பின்2-ஐப் பிளக்க வேண்டும். அது நடக்கும், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில். மெத்தனால் இருந்தால் கதையே வேறு. ஈனோலேட்டுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து உங்கள் விளைபொருளை விடுவிக்கும், காப்பர் மெத்தாக்சைடு பிறக்கும். மெத்தாக்சைடு பி2பின்2-ஐச் சட்டென்று பிளக்கும். சக்கரம் சுழலும்.

காப்பரை வைத்துப் பி2பின்2-ஐ இப்படிச் சேர்க்கலாம் என்பது 2000-இலேயே ஜப்பானில் இரண்டு குழுக்கள் காட்டியது, ஹொசோமி குழுவும் மியாவுரா குழுவும். ஆனால் அதை எல்லோரும் கைவைக்கிற வினையாக ஆக்கியது 2006-இல் கொரியாவின் யுன் குழு. அவர்கள் சேர்த்த முக்கியமான பொருள் மெத்தனால். நீங்கள் எடுத்துவிட்டது அதையேதான்.

---

பழைய_ஷ்லெங்க் | புதன், இரவு 9:50

அம்பத்தூர் தம்பி, மெத்தனாலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் போடாமல் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பச்சைக் குப்ரஸ் குளோரைடை அப்படியே விடச் சொல்வது சரியில்லை. வினையூக்கியே கெட்டுப்போயிருந்தால் மெத்தனால் என்ன செய்யும்? முப்பது வருடம் ஷ்லெங்க் குழாயோடு (காற்று புகாமல் வினை செய்யும் கண்ணாடிக் கருவி) வாழ்ந்தவன் சொல்கிறேன், நூற்றுக்கு எண்பது தடவை தவறு பொருளின் தூய்மையில்தான் இருக்கும்.

---

கணிப்பு_வேதி | வியாழன், காலை 7:30

ஐயா, தூய்மை பற்றி நீங்கள் சொல்வது பொதுவாகச் சரி. இந்த வினைக்கு மட்டும் அது பொருந்தாது என்று நினைக்கிறேன். 2012-இல் கோபயாஷி குழு காப்பர்(II) ஹைட்ராக்சைடை வைத்தே, தண்ணீரில், இதே போரான் சேர்க்கையைச் செய்தது, அதுவும் இடக்கை–வலக்கை போன்ற இரு ஆடி வடிவங்களில் பெரும்பாலும் ஒன்றையே தரும்படி. அதே காலத்தில் அமெரிக்காவில் சான்டோஸ் குழுவும் தண்ணீரில், திறந்த காற்றில், காப்பர்(II) உப்போடு செய்தது. எனவே லேசான பச்சை இந்த வினையை நிறுத்தியிருக்காது.

அதைவிட நல்ல சாட்சி தரமணி அவர்களின் கணக்கிலேயே இருக்கிறது. காப்பர் 5 மோல் சதவீதம், மாறியது எட்டிலிருந்து பத்து. அப்படியானால் ஒவ்வொரு காப்பரும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ போய்விட்டு நின்றிருக்கிறது. வினையூக்கி செத்துப் பிறந்திருந்தால் பூஜ்யம் வந்திருக்கும். நான்கு முறையும் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அம்பத்தூர் அண்ணன் சொன்ன ஈனோலேட் படியோடு இது அப்படியே பொருந்துகிறது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறு விஷயம். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து போரான் என்றால் எலக்ட்ரான் பற்றாக்குறை, காலி பி-ஆர்பிட்டால், லூயிஸ் அமிலம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போரான் டிரைஃபுளூரைடு அமோனியாவைப் பார்த்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்த வினையில் போரான் போய்த் தாக்குவது சால்கோனின் பீட்டா கார்பனை. அந்தக் கார்பனே எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கிறது. ஏங்கி நிற்கிற ஒருவரிடம் இன்னொரு ஏழை போய் எப்படிக் கொடுக்க முடியும்?

விடை உலோகத்தில் இருக்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மையைப் பாருங்கள்: போரான் 2.04, காப்பர் 1.90, லித்தியம் 0.98. காப்பரோடு சேரும்போது பிணைப்பு எலக்ட்ரான்கள் போரான் பக்கம் சாய்கின்றன. ஆனால் இந்த 0.14 வித்தியாசத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஜென்யாங் லின்னும் டாட் மார்டரும் செய்த கணக்கீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. போரைல் ஈனி, அதாவது போரான் வழியாக உலோகத்தில் ஒட்டும் குழு, மிக வலுவான சிக்மா கொடையாளி, பிணைப்பு வழியாக உலோகத்துக்கு எலக்ட்ரானைத் தள்ளும். காப்பர்–போரான் சிக்மா பிணைப்பின் எலக்ட்ரான் ஜோடி ஆற்றலில் மிக உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தாக்குவது அந்த ஜோடிதான். போரானின் காலி ஆர்பிட்டால் எங்கும் போய்விடவில்லை, அது பக்கவாட்டில் இருக்கிறது, பினகோலின் ஆக்சிஜன்கள் அதைக் கொஞ்சம் நிரப்பி அமைதிப்படுத்தி வைக்கின்றன. ஒரே அணுவில் கொடுக்கிற முகமும் வாங்குகிற முகமும் இருக்கின்றன. எந்த முகம் முன்னால் வரும் என்பதை உலோகம் முடிவு செய்கிறது.

இதன் அழகான சான்று 2005-இல் ஜோசப் சடிகி குழு செய்தது. கார்பீன் ஈனி கட்டிய காப்பர் போரைல், கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஒரு ஆக்சிஜனைப் பறித்துக் கார்பன் மோனாக்சைடாக்கி வெளியே விடுகிறது. முதலில் போரான் கொடையாளியாகக் கார்பனைத் தாக்குகிறது. பிறகு அதே போரான் வாங்குபவராக மாறி ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரண்டு முகமும் ஒரே வினையில்!

---

புது_மாணவன் | வியாழன், மதியம் 12:10

எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன், தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். கவர்தன்மை வித்தியாசம்தான் காரணம் என்றால் லித்தியம்–போரான் செய்தால் இன்னும் பலமாகத் தாக்குமே? கார்பன்–மெக்னீசியம் பிணைப்புள்ள கிரிக்னார்டு மாதிரி?

---

பழைய_ஷ்லெங்க் | வியாழன், மாலை 5:25

நல்ல கேள்வி தம்பி. இந்தக் கேள்விக்கு வேதியியலாளர்கள் பல காலம் விடை தேடினார்கள். உலோகம்–போரான் பிணைப்பு என்று நோத்தும் ஷ்மிடும் எழுதியது 1963-இல். படிகக் கட்டமைப்போடு இரிடியம் போரைல்கள் வந்தது 1990-இல். ஆனால் கார்பனுக்கு பியூட்டைல் லித்தியம் மாதிரி போரானுக்கு ஒன்று வேண்டும் என்றால், 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் செகாவா, யமாஷிதா, நொசாகி மூவரும் செய்தார்கள். ஐந்து அணு வளையம், போரானுக்கு இரண்டு பக்கமும் நைட்ரஜன், ஒவ்வொரு நைட்ரஜன் மேலும் பெரிய டைஐசோபுரொப்பைல்ஃபீனைல் குழு. போரான் மேல் புரோமின். அதை மைனஸ் 45 டிகிரியில், டி.எச்.எஃப்.இல், லித்தியம் நாஃப்தலினைடு கொண்டு ஒடுக்கினார்கள். புரோமின் போய் லித்தியம் வந்தது. வளையத்தைக் கவனித்துப் பார்த்தால் என்.எச்.சி. கார்பீனின் (இரண்டு நைட்ரஜனுக்கு நடுவில் எலக்ட்ரான் ஜோடியோடு நிற்கும் கார்பன்) உடன்பிறப்பு, கார்பனுக்குப் பதில் போரானும் ஒரு எதிர்மின் சுமையும். நைட்ரஜன்கள் தங்கள் எலக்ட்ரானைக் காலி ஆர்பிட்டாலுக்குக் கொடுக்கின்றன, பெரிய குழுக்கள் மற்ற மூலக்கூறுகளை எட்ட நிறுத்துகின்றன.

அது என்ன செய்தது தெரியுமா? தண்ணீரிலிருந்து புரோட்டானைப் பிடுங்கியது. மெத்தில் டிரைஃப்ளேட்டிலிருந்து மெத்தில் குழுவை எடுத்தது. பென்சால்டிஹைடின் கார்போனைல் கார்பனைத் தாக்கி ஆல்கஹால் கொடுத்தது. கிரிக்னார்டு செய்கிற வேலை அத்தனையும். அந்தக் கட்டுரை வந்த வாரம் நான் அதை அச்செடுத்து, கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றாட வேலைக்கு அது ஆகாது. செய்வது கடினம், வைத்திருப்பது அதைவிடக் கடினம், அந்தப் பெரிய குழுக்களைப் பிறகு கழற்றுவதும் சிரமம். பி2பின்2-ஐக் காப்பரோடு போட்டால் பாட்டிலைத் திறந்து எடை போட்டு முடித்துவிடலாம்.

அப்புறம், பச்சை விஷயத்தில் கணிப்பு அவர்கள் சொன்னதைப் படித்தேன். ஒன்று இரண்டு சுற்றோடு நின்றது என்ற கணக்கு எனக்குத் தோன்றாமல் போனது. என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தரமணி, ஒரு வேலை செய். நாலு சின்ன வயலில் (கண்ணாடிக் குப்பியில்) ஒரே நாளில் போடு: பழைய காப்பர், புதிய காப்பர், மெத்தனாலோடு, மெத்தனால் இல்லாமல். யார் சொல்வது சரி என்று வாதாட வேண்டியதே இல்லை.

---

கல்லூரி_வாத்தியார் | வியாழன், இரவு 10:05

இந்த இழையை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்களிடம் க்ளவ் பாக்ஸ் இல்லை, ஆர்கான் சிலிண்டர் வருடத்துக்கு ஒன்று. பி2பின்2 வாங்குவது பற்றி யோசிக்கவே முடியாது. அப்படிப்பட்ட இடத்திலும் உலோகம்–போரான் வேதியியலை மாணவர் கையில் கொடுக்க முடியும் என்பதற்காக எழுதுகிறேன்.

நிக்கல் உப்பும் சோடியம் போரோஹைட்ரைடும் போதும். நிக்கல் அசிடேட் கரைசலில் போரோஹைட்ரைடை மெதுவாக விட்டால் பச்சைக் கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும், ஹைட்ரஜன் பொங்கும். அந்தக் கறுப்புதான் நிக்கல் போரைடு. ஒரே வாய்பாட்டில் அடங்காத பொருள், செய்கிற விதத்தைப் பொறுத்து மாறும். தண்ணீரில் செய்தால் ஒரு குணம், அதை பி-1 நிக்கல் என்பார்கள். எத்தனாலில் செய்தால் வேறு குணம், அது பி-2.

இந்தக் குண வேறுபாட்டைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். பி-1 துடிப்பானது, பல இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனேற்றும். பி-2 நிதானமானது. அதில் கொஞ்சம் எத்திலீன்டைஅமீன் சேர்த்தால் ஆல்கைனை ஆல்கீனோடு நிறுத்திவிடும், அதுவும் ஒரே பக்கம் சேர்ந்த சிஸ் ஆல்கீனாக. 1973-இல் சார்லஸ் பிரவுனும் அஹுஜாவும் இதை எழுதினார்கள். லின்ட்லார் வினையூக்கிக்கு வேண்டிய பல்லேடியமும் ஈயமும் இல்லாமலே அந்த வேலை முடிகிறது. நைட்ரோவை அமீனாக்குவது, தயோ சேர்மங்களில் கந்தகத்தைக் கழற்றுவது, எல்லாவற்றுக்கும் இந்தக் கறுப்புப் பொடி உதவும்.

மூன்று எச்சரிக்கை. வடிகட்டிய கறுப்பைக் காயவிடாதீர்கள், காற்றில் தீப்பிடிக்கலாம், எப்போதும் ஈரமாகவே வைத்திருங்கள். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை, கையுறை இல்லாமல் தொடவே கூடாது, சிங்க்கில் ஊற்றவும் கூடாது. ஹைட்ரஜன் வருவதால் ஃபியூம் ஹுட்டில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பர்னர் எரியக்கூடாது.

மேலே காப்பர்–போரான் ஒற்றைப் பிணைப்பு பற்றிப் பேசினீர்கள். இங்கே அப்படி ஒரு தனிப் பிணைப்பைச் சுட்டிக்காட்ட முடியாது, நிக்கலும் போரானும் கலந்து கிடக்கின்றன. ஆனால் கேள்வி ஒன்றுதான்: போரான் பக்கத்தில் இருப்பதால் உலோகத்தின் நடத்தை எப்படி மாறுகிறது? இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு இதே கேள்வியைக் கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

---

கணிப்பு_வேதி | வெள்ளி, காலை 8:00

வாத்தியார் ஐயா, உங்கள் மாணவி அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஐஐடி மெட்ராஸைச் சொல்லுங்கள். அங்கே சுந்தர்கோபால் கோஷ் குழு உலோகமும் போரானும் சேர்ந்து கூடு கட்டுகிற மெட்டலாபோரேன்களை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அந்தக் கூடுகளில் எத்தனை எலக்ட்ரான் ஜோடி இருக்க வேண்டும் என்று எண்ணுவதற்கான விதியையும் நம் நாட்டவரே கொடுத்திருக்கிறார், எலுவத்திங்கல் ஜெம்மிஸின் எம்.என்.ஓ. விதி.

---

தரமணி_பறவை | சனி, இரவு 9:15

நாலு வயல் போட்டேன்!

மெத்தனால் இல்லாத இரண்டும், பழைய பச்சைக் காப்பரானாலும் புதிதாகச் சுத்தம் செய்த வெள்ளைக் காப்பரானாலும், அதே பத்து சதவீதத்துக்குள் நின்றுவிட்டன. மெத்தனால் போட்ட இரண்டிலும் மதியத்துக்குள் டி.எல்.சி.யில் (மெல்லிய படலத் தகட்டுச் சோதனையில்) சால்கோன் புள்ளி காணாமல் போய்விட்டது. பச்சைக் காப்பரில் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மெத்தனால் சொட்டு விழுந்த சில நிமிடத்தில் கரைசலின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று வாரம் நான் ஈரத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். மெத்தனால் காப்பர்–போரானை உடைக்கும் என்று சீனியர் சொன்னது ஏன் நடக்கவில்லை?

---

கணிப்பு_வேதி | சனி, இரவு 10:40

நடக்கும், ஆனால் மெதுவாக. சால்கோனில் நுழைவது அதைவிட வேகமானது. உங்கள் குடுவையில் காப்பர்–போரானுக்குச் சால்கோன் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால் போட்டியில் அது ஜெயிக்கிறது. எலக்ட்ரான் ஏக்கம் குறைந்த சாதா ஆல்கீனை வைத்துச் செய்து பாருங்கள், அப்போது மெத்தனாலின் அளவைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட வேண்டியிருக்கும்.

---

அம்பத்தூர்_அண்ணன் | ஞாயிறு, காலை 10:30

அருமை தங்கச்சி! காப்பர் முடிந்தது, அடுத்து பல்லேடியத்துக்குப் போவீர்கள் என்பதால் ஒரு அனுபவத்தைச் சொல்லிவைக்கிறேன்.

அரைல் புரோமைடிலிருந்து அரைல் போரோனேட் செய்ய 1995-இல் மியாவுரா குழு கொடுத்த முறை எல்லோருக்கும் தெரியும்: பி2பின்2, பல்லேடியம்–டிபிபிஎஃப் (ஒரு பாஸ்ஃபீன் ஈனி), பொட்டாசியம் அசிடேட், டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான், 80 டிகிரி. முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அசிடேட் தீர்ந்துவிட்டது. காரம் காரம்தானே என்று பொட்டாசியம் கார்பனேட்டைப் போடச் சொன்னார்கள். நானும் யோசிக்காமல் போட்டேன். மறுநாள் குடுவையில் பாதிக்கு மேல் பைஅரைல், அதாவது இரண்டு வளையம் ஒட்டிக்கொண்ட பொருள். விலை உயர்ந்த புரோமைடு மொத்தமும் வீண்.

காரணம் இதுதான். உண்டாகிற அரைல் போரோனேட், மிச்சமிருக்கிற அரைல் புரோமைடோடு அங்கேயே சுசுகி இணைப்புச் (போரானை விட்டுவிட்டு இரண்டு கார்பன் சேரும் வினை) செய்துகொள்ளும். கார்பனேட் அந்த இணைப்பைத் தூண்டிவிடும் அளவுக்கு வலுவான காரம். அசிடேட்டுக்கு அவ்வளவு வலு இல்லை. பல்லேடியத்தில் புரோமைடு இருந்த இடத்தில் உட்கார்ந்து, பி2பின்2-விலிருந்து ஒரு போரானைப் பல்லேடியத்துக்கு இழுத்துக் கொடுப்பது, இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் அசிடேட் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள்.

---

புது_மாணவன் | ஞாயிறு, மாலை 4:05

அண்ணா, புரோமைடே இல்லாத வெறும் அரோமேட்டிக் வளையத்தில் போரானை வைக்க முடியுமா?

---

பழைய_ஷ்லெங்க் | ஞாயிறு, மாலை 6:50

முடியும், அதுதான் இரிடியம். ஹார்ட்விக் முதலில் இரும்பு போரைலில் ஒளி பாய்ச்சிச் செய்தார், 1995-இல். அது வினையூக்கி முறை இல்லை, ஒன்றுக்கு ஒன்று. 2002-இல் ஹார்ட்விக்கும் மியாவுராவும் சேர்ந்து பைபிரிடின் ஈனி போட்ட இரிடியம் கொண்டுவந்தார்கள். அதே வருடம் மிச்சிகனில் மலெஸ்காவும் ஸ்மித்தும் பாஸ்ஃபீன் ஈனியோடு செய்தார்கள்.

வேலை செய்கிற உருவத்தில் ஒரே இரிடியத்தின் மேல் மூன்று போரைல்கள் உட்கார்ந்திருக்கும். மூன்று வலுவான கொடையாளிகள் சேர்ந்து எலக்ட்ரானைத் திணிப்பதால் இரிடியம் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பையே பிளக்கத் துணிகிறது. அது வளையத்தின் எலக்ட்ரான் நிலையைவிட இட நெருக்கடியைத்தான் அதிகம் பார்க்கும். 1,3 இடங்களில் குழுக்கள் இருந்தால் போரான் நேராக 5-ஆம் இடத்துக்குப் போகும். பழைய ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் வழியில் அந்த இடத்தை அடைய எத்தனை படி ஏற வேண்டும் என்று யோசித்துப் பார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஹைட்ரஜன் வாயு வரும், குடுவையை இறுக்கி மூடாதே.

---

தரமணி_பறவை | திங்கள், இரவு 8:20

சின்ன அப்டேட். விளைபொருளைச் சுத்தம் செய்யச் சாதாரண சிலிகா காலத்தில் (column, சிலிகா நிரப்பிய குழாய்) ஏற்றினேன், பாதிதான் திரும்பி வந்தது. மீதி காலத்திலேயே தங்கிவிட்டது போல.

---

அம்பத்தூர்_அண்ணன் | திங்கள், இரவு 9:10

பினகோல் போரோனேட்டுகள் சிலிகாவில் அப்படித்தான் செய்யும். சிலிகாவைப் போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து அதைக் காலத்தில் போடுங்கள், இழப்பு நன்றாகக் குறையும். உங்களுக்குப் போரான் அப்படியே வேண்டாம், ஹைட்ராக்சி கீட்டோன்தான் வேண்டும் என்றால் காலமே வேண்டாம். வினை முடிந்த கையோடு சோடியம் பெர்போரேட்டும் தண்ணீரும் போட்டுக் கலக்குங்கள். காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடைவிட அது மிதமானது, பீட்டா ஹைட்ராக்சி கீட்டோன் தண்ணீரை இழந்து மறுபடி சால்கோனாகத் திரும்பும் அபாயம் குறைவு.

---

தரமணி_பறவை | செவ்வாய், காலை 7:55

பெர்போரேட் இருக்கிறது அண்ணா, இன்றைக்கே போடுகிறேன். போரிக் அமில சிலிகாவும் அரைக் கிலோ ஊறவைத்துவிட்டேன். கடைசியாக ஒரு உதவி: தரமணி, அடையாறு, கிண்டி பக்கத்தில் யாரிடமாவது குவார்ட்ஸ் என்.எம்.ஆர். டியூப் இரண்டு நாளைக்குக் கிடைக்குமா? அந்த மலை இல்லாமல் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுக்க வேண்டும்.

---

பழைய_ஷ்லெங்க் | செவ்வாய், காலை 8:10

என்னிடம் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை கிண்டி வருவேன், தனிச்செய்தி அனுப்பு. அமிலக் குளியலில் போடாதே, அசிட்டோனில் கழுவித் திருப்பிக் கொடு.